பாஸ்டில் பாடம்: ஒரே வகுப்பை இரண்டு முறை திட்டமிட்ட ஒரு நிகழ்வு ஆய்வு

"கொடுங்கோல் மன்னனால் அடைக்கப்பட்டுத் துன்பப்பட்ட ஆயிரக்கணக்கான கைதிகளை விடுவிப்பதற்காக மக்கள் பாஸ்டில் சிறையைத் தாக்கினார்கள்."

மக்கள் பாஸ்டிலை ஏன் தாக்கினார்கள் என்று கேட்டு எழுதவைத்த ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இந்த வாக்கியம் ஏதோ ஒரு வடிவில் இருந்தது. சிலர் ஆயிரத்தை நூறாகக் குறைத்திருந்தார்கள். சிலர் சங்கிலி, இருட்டறை, சித்திரவதை என்று சேர்த்து எழுதியிருந்தார்கள். 1789 ஜூலை 14 அன்று பாரிஸ் நகரின் பாஸ்டில் கோட்டைச் சிறையில் இருந்த கைதிகள் 7 பேர். அவர்களை விடுவிப்பது அன்று கோட்டை முன் திரண்டவர்களின் நோக்கமாக இருக்கவில்லை.

இரண்டு பாடவேளை செலவிட்டு நான் நடத்திய பாடம் அது. பிள்ளைகள் மகிழ்ந்து கற்ற பாடம் என்றும் நம்பியிருந்தேன். அந்த விடைத்தாள்களைத் திருத்தத் தொடங்கி, பாதியில் பேனாவை மூடிவைத்துவிட்டு என் பாடக்குறிப்பை எடுத்துப் படித்தேன். இந்த ஆய்வு அங்கிருந்து தொடங்குகிறது.

முதல் வகுப்பு

என் பாடக்குறிப்பில் கற்றல் விளைவு என்ற கட்டத்தில், "பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களையும் பாஸ்டில் சிறை வீழ்ச்சியின் முக்கியத்துவத்தையும் மாணவர்கள் அறிவர்" என்று எழுதியிருந்தேன். பல ஆண்டுகளாக எழுதிவருகிற வாக்கியம்தான். பாடத்தின் பெயரை மட்டும் மாற்றினால் எந்தப் பாடத்துக்கும் பொருந்திவிடும். இதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

முதல் பாடவேளையில் கரும்பலகையில் ஐந்து காரணங்கள் எழுதினேன்: அரசின் கடன் சுமை, மதகுருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என மூன்று வகுப்புகளாகப் பிரிந்த சமூகம், வரிச்சுமையின் பெரும்பகுதி மூன்றாம் வகுப்பினர் மீது விழுந்தது, 1788-ஆம் ஆண்டின் விளைச்சல் வீழ்ச்சியும் ரொட்டி விலையும், அறிவொளிக்காலச் சிந்தனையாளர்களின் தாக்கம். ஐந்தும் ஒரே அளவு எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. இரண்டாம் பாடவேளையில் நாடகம். மேசைகளை அடுக்கிக் கோட்டை கட்டினோம். ஒரு பக்கம் காவலர்கள், மறுபக்கம் மக்கள். கடைசிக் காட்சியில் கதவு திறக்கிறது, கைகள் கட்டப்பட்ட கைதிகள் வரிசையாக வெளியே வருகிறார்கள், மக்கள் அவர்களைக் கட்டித் தழுவுகிறார்கள். வகுப்பே கைதட்டியது. வாசலில் நின்று பார்த்த சக ஆசிரியர் ஒருவரும் பாராட்டினார்.

அந்தக் கடைசிக் காட்சியை எழுதியவள் நான். பாடநூலில் அது இல்லை. நாடகத்துக்கு நல்ல முடிவு வேண்டுமே என்று நானாகச் சேர்த்தது. பத்து நாள் கழித்து எழுதவைத்தபோது பிள்ளைகளின் நினைவில் தங்கியிருந்தது அந்தக் காட்சி ஒன்றுதான். கரும்பலகையின் ஐந்து காரணங்களும் மங்கிவிட்டன. உடலால் நடித்தது மனத்தில் நின்றது.

செயல்பாடு இருந்தால் கற்றல் நடக்கும் என்று எல்லோரும் சொல்கிறோம். நடக்கத்தான் செய்கிறது. எதைக் கற்கிறார்கள் என்பதைச் செயல்பாட்டின் உள்ளடக்கம் தீர்மானிக்கிறது. என் வகுப்பு சோர்வாக இருந்திருந்தால் பிள்ளைகள் எதையும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள். உற்சாகமாக இருந்ததால் ஒரு பொய்யை ஆழமாகக் கற்றுக்கொண்டார்கள். வரலாற்று வகுப்பில் நாடகமே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. நாடகத்தின் ஒவ்வோர் அசைவுக்கும் சான்று கேட்க வேண்டும் என்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை

மறுபடி திட்டமிடும் முன் அந்த நாளை நானே முறையாகப் படிக்க வேண்டியிருந்தது. எனக்கும் அது ஒரு படிமமாகத்தான் தெரிந்திருந்தது, வரிசையாக நடந்த நிகழ்ச்சிகளாகத் தெரியவில்லை.

ஜூலை 11 அன்று பதினாறாம் லூயி தன் நிதி அமைச்சர் நெக்கரைப் பதவி நீக்குகிறார். மக்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்தவர் அவர். செய்தி மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, பாரிஸை எட்டுகிறது. நகரைச் சுற்றி ஏற்கெனவே படைகள் குவிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பல அயல்நாட்டு வீரர்களைக் கொண்டவை. மக்கள் பிரதிநிதிகளின் தேசிய மன்றத்தைக் கலைக்கவும் நகரை ஒடுக்கவும் மன்னர் ஆயத்தமாகிறார் என்ற அச்சம் பரவுகிறது. 12, 13 தேதிகளில் நகரின் சுங்கச் சாவடிகள் எரிகின்றன. நகரைக் காக்க மக்கள் படை ஒன்று உருவாகிறது. அதற்கு ஆயுதம் வேண்டும். 14-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை இன்வலீத் என்ற படைவீரர் இல்லத்திலிருந்து சுமார் 30,000 துப்பாக்கிகளை மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள். துப்பாக்கி கிடைத்துவிட்டது, போதிய வெடிமருந்து இல்லை. பாதுகாப்புக்காகச் சில நாள் முன்புதான் 250 பீப்பாய் வெடிமருந்து பாஸ்டிலுக்கு மாற்றப்பட்டிருந்தது.

ஆகவே பாஸ்டில்.

அங்கே காவலுக்கு இருந்தவர்கள் 82 முதிய வீரர்கள், துணைக்கு அனுப்பப்பட்ட 32 சுவிஸ் வீரர்கள். காலையில் முதலில் சென்றது ஒரு தூதுக்குழு. சுற்றியிருந்த குடியிருப்புகளை நோக்கி நின்ற பீரங்கிகளை விலக்கக் கேட்டது. கோட்டையின் ஆளுநர் தெ லோனே அவர்களை உள்ளே அழைத்து உணவுக்கு உட்காரவைத்தார். வெளியே காத்திருந்த கூட்டத்துக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. பிற்பகலில் சுடும் சண்டை மூண்டது. அரசப் படையிலிருந்து விலகிய வீரர்கள் பீரங்கிகளோடு வந்து மக்களுடன் சேர்ந்துகொண்ட பின் நிலைமை மாறியது. வெடிமருந்தோடு கோட்டையையே தகர்த்துவிடுவதாக மிரட்டிய தெ லோனே மாலை 5 மணியளவில் பணிந்தார். தாக்கியவர்களில் 98 பேர் இறந்திருந்தார்கள். தெ லோனே சரணடைந்த பின் கொல்லப்பட்டார்.

கைதிகள் 7 பேரில் 4 பேர் போலி ஆவண மோசடிக்காரர்கள், 2 பேர் மனநலம் பாதிக்கப்பட்டவர்கள், ஒருவர் தன் குடும்பத்தாரின் வேண்டுகோளின் பேரில் அடைக்கப்பட்ட பிரபு.

இதைப் படிக்கும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. அது என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது. பாஸ்டில் விழுந்த சில நாட்களிலேயே லோர்ஜ் பிரபு என்ற கைதியின் கதை பாரிஸில் பரவியது. நீண்ட வெண்தாடி, பல்லாண்டு இருட்டறை வாசம், விடுவிக்க வந்தவர்கள் கையைப் பற்றி எழுப்பும் காட்சி. அச்சுப்படங்கள் கூட விற்றன. அப்படியொரு கைதி இருந்ததே இல்லை. என் நாடகத்தின் கடைசிக் காட்சியை எனக்கு முன்பே 1789-இல் எழுதியிருக்கிறார்கள். ஏழு கைதிகள் போதவில்லை, அவர்களுக்கு ஒரு தியாகி தேவைப்பட்டார். எனக்கும் அதே தேவைதான் இருந்தது.

திட்டத்தின் உண்மையான ஓட்டை

நாடகத்தை மட்டும் குறை சொல்லி நிறுத்தியிருந்தால் அடுத்த முறை ஐந்து காரணங்களை இன்னும் அழுத்தமாக நடத்தியிருப்பேன். ஆனால் அந்தப் பட்டியலை மீண்டும் பார்த்தபோதுதான் புரிந்தது: அந்த ஐந்தில் ஒன்றுகூட, ஏன் அன்று, ஏன் அங்கே என்பதற்கு விடை தரவில்லை. கடன் சுமை பல ஆண்டுகளாக இருந்தது. மூன்று வகுப்புகள் பல நூற்றாண்டுகளாக இருந்தன. பிரான்சில் பெரும் கொந்தளிப்பு ஏன் சாத்தியமாயிற்று என்பதை அவை விளக்குகின்றன. ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் ஒரு குறிப்பிட்ட கோட்டை வாசலில் மக்கள் ஏன் நின்றார்கள் என்பதை விளக்கவில்லை. நீண்டகாலக் காரணம், உடனடிக் காரணம் என்று இரண்டு தலைப்புகளை நாம் நடத்துகிறோம். இரண்டுக்கும் இடையே உள்ள பாலத்தை நடத்துவதில்லை. நான் விட்ட இடைவெளியைப் பிள்ளைகள் தங்களுக்குக் கிடைத்த கதையால் நிரப்பிக்கொண்டார்கள். காரணம் தேடுகிற மனம் வெற்றிடத்தைப் பொறுத்துக்கொள்ளாது. அதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை.

மறுதிட்டம்

இம்முறை விளைவு என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, வகுப்பு முழுவதையும் தாங்கக்கூடிய ஒரே ஒரு கேள்வியைத் தேடினேன். பல கேள்விகளை எழுதி அடித்தேன். "பாஸ்டில் வீழ்ச்சியின் காரணங்கள் யாவை?" என்பதற்குப் பட்டியல்தான் பதிலாக வரும். "மக்கள் செய்தது சரியா?" என்பது காரசாரமாக இருக்கும், ஆனால் சான்றே இல்லாமலும் மணிக்கணக்கில் வாதிடலாம். "நீங்கள் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?" என்பதை உடனே அடித்தேன், அது பிள்ளைகளின் இன்றைய மனத்தைப் பற்றிய கேள்வி.

கடைசியில் நின்றது இது: "7 கைதிகள் மட்டுமே இருந்த ஒரு கோட்டைக்காக 98 பேர் ஏன் உயிரை விட்டார்கள்?"

இந்தக் கேள்வியை நான் தேர்ந்ததற்குக் காரணம், சான்று ஒவ்வொன்றாக வரும்போது இதன் விடை மாறும். முதல் சான்றோடு ஒரு விடை சொல்லலாம், மூன்றாவது சான்று அதை உடைக்கும். ஒரு கேள்வி வகுப்புக்கு ஏற்றதா என்று இப்போதெல்லாம் இப்படித்தான் சோதிக்கிறேன்: புதுச் சான்று வந்தும் விடை அசையவில்லை என்றால் கேள்வியை மாற்றிவிடுகிறேன்.

அடுத்து விலக்க வேண்டியவை. இதுதான் கடினம். சிந்தனையாளர்களை விலக்கினேன். மூன்று வகுப்புகளின் விளக்கத்தை ஒரே வாக்கியமாகச் சுருக்கினேன். அதற்கு முந்தைய பாடத்தில் இடம் இருக்கிறது. தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்ற உந்துதல் வரலாற்று ஆசிரியர்களுக்கு மிகுதி. ஒரு பாடவேளையில் நாற்பது நிமிடம். வருகைப் பதிவு, அமைதிப்படுத்துதல் போக முப்பத்தைந்து. ஒரு குழு ஒரு சான்றை உண்மையாகப் படித்துப் பேச எட்டு நிமிடமாவது ஆகும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே ஒரு வகுப்புக்கு மூன்று, நான்கு சான்றுகளுக்கு மேல் தாங்காது என்பது தெரிந்துவிடும்.

நான்கு அட்டைகள் தயாரித்தேன். கைதிகளின் பட்டியல். ஜூலை 11 முதல் 14 வரையிலான காலக்கோடு. கோட்டையின் காவல், பீரங்கி, வெடிமருந்து விவரம். நான்காவது, மன்னர் தன் குறிப்பேட்டில் ஜூலை 14-க்கு எதிரே எழுதிய ஒரே சொல்: "ஒன்றுமில்லை." ஒவ்வோர் அட்டையும் ஆறு வரிக்குள். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. அட்டை நீண்டால் அவர்கள் அங்கேயே விடுபட்டுப்போவார்கள். அதனால் ஒவ்வோர் அட்டையையும் குழுவில் ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும் என்று விதி வைத்தேன்.

இரண்டாம் வகுப்பு

விடைத்தாள்களை மதிப்பெண் போடாமல் திருப்பிக் கொடுத்தேன். கரும்பலகையில் 7 என்ற எண்ணை மட்டும் எழுதினேன். அது என்ன என்று சொன்னவுடன் வகுப்பில் ஒரு சலசலப்பு. "பிறகு நாடகத்தில் அத்தனை பேர் வந்தார்களே, டீச்சர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். அந்தக் காட்சி என் கற்பனை என்றும், அதைச் சோதிக்காமல் கொடுத்தது என் தவறு என்றும் சொன்னேன். ஆசிரியர் தவறை ஒப்புக்கொண்டால் மதிப்புக் குறையும் என்ற அச்சம் எனக்கும் இருந்தது. நடந்தது வேறு. ஆசிரியர் சொல்வதையும் சோதிக்கலாம் என்ற அனுமதியாக அதை வகுப்பு எடுத்துக்கொண்டது.

கைதிகள் பட்டியலைப் படித்ததும் குழுக்கள் திணறின. மோசடிக்காரர்களுக்காக யார் உயிரைக் கொடுப்பார்கள்? காலக்கோடு வந்ததும் அச்சம் என்ற சொல் பல குழுக்களிலிருந்து எழுந்தது. மூன்றாவது அட்டையில் வெடிமருந்தைக் கண்டதும் துண்டுகள் பொருந்தின. அதுவரை திட்டமிட்டபடியே நடந்தது.

நான்காவது அட்டைதான் வகுப்பைப் பற்றவைத்தது. "இத்தனை பேர் செத்த நாளில் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறாரே!" கோபம் அறை முழுக்கப் பரவியது. மன்னனின் அலட்சியம்தான் புரட்சிக்குக் காரணம் என்று ஒரு குழு அப்போதே எழுதத் தொடங்கிவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. எட்டு நிமிடம் ஒதுக்கியிருந்தேன், அது கடந்தும் காத்திருந்தேன். குறுக்கிட்டு விளக்கிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. பின்வரிசை மாணவி ஒருத்தி தயங்கிக்கொண்டே கேட்டாள்: "டீச்சர், இது என்ன நோட்டு? மன்னர் இதில் வழக்கமாக என்னென்ன எழுதுவார்?"

அந்த வகுப்பின் மிக நல்ல கேள்வி அதுதான். லூயியின் குறிப்பேடு பெரும்பாலும் அவருடைய வேட்டைக் கணக்கு. வேட்டை இல்லாத நாளுக்கு எதிரே அந்தச் சொல்லை எழுதுவது அவர் வழக்கம். தவிர, அவர் பாரிஸில் இல்லை, வெர்சேல்ஸ் அரண்மனையில் இருந்தார். இதைச் சொன்னதும் கோபம் அடங்கி, அதன் இடத்தில் வேறொரு கவனம் வந்தது. தங்கள் முந்தைய முடிவை அடித்துவிட்டு எழுதியவர்களைப் பார்த்தேன். அழித்து எழுதவில்லை, அடித்து எழுதினார்கள். நான்தான் அப்படிச் செய்யச் சொல்லியிருந்தேன், மனம் மாறிய தடம் தாளில் தெரிய வேண்டும் என்பதற்காக.

அமெரிக்க ஆய்வாளர் சாம் வைன்பர்க் 1991-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அமெரிக்க விடுதலைப் போரைத் தொடங்கிவைத்த 1775-இன் லெக்சிங்டன் மோதலைப் பற்றிய ஆவணங்களை 8 வரலாற்றாளர்களிடமும் 8 பள்ளி மாணவர்களிடமும் கொடுத்து, உரக்கச் சிந்தித்தபடி படிக்கச் சொன்னார். வரலாற்றாளர்கள் ஆவணத்தை யார், எப்போது, எதற்காக எழுதினார்கள் என்பதை முதலில் பார்த்தார்கள். மாணவர்கள் முதல் வரியிலிருந்து தகவலைத் திரட்டத் தொடங்கினார்கள். பின்வரிசை மாணவி கேட்டது அந்த முதல் பார்வையைத்தான். விதியாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான். தவறான முடிவில் ஒருமுறை காலை வைத்த பிறகு கேட்டதால் அதன் தேவை அவர்களுக்கே புரிந்தது.

எதிர்பாராத சறுக்கல்

பாடவேளை முடியும்போது ஒரு மாணவன் தொகுத்துச் சொன்னான்: "அப்படியானால் வெடிமருந்தை எடுக்கத்தான் போனார்கள். சுதந்திரம், கொடுங்கோன்மை எல்லாம் பிறகு சேர்த்த கதை." பலர் தலையசைத்தார்கள்.

ஒரு கட்டுக்கதையை உடைக்கும் ஆர்வத்தில் நான் அவர்களை மறுபக்கம் தள்ளிவிட்டிருந்தேன். உடைப்பது இனிமையான வேலை. நம்பியிருந்தது பொய் என்று கண்டுபிடிப்பதில் இளம் மனத்துக்குப் பெரும் சுவை. ஆனால் அங்கேயே நிறுத்தினால், எதிலும் பொருள் இல்லை என்ற முடிவுக்குப் போய்விடுவார்கள். அதுவும் மோசமான வரலாறுதான். ஆகவே திட்டத்தில் இல்லாத இன்னொரு பாடவேளையை அடுத்த பாடத்திடமிருந்து எடுத்துக்கொண்டேன். கேள்வி: "வெடிமருந்துக் கிடங்கு எப்படி விடுதலையின் சின்னம் ஆனது?"

இதற்கான சான்றுகள் வளமானவை. மன்னரின் முத்திரைக் கடிதம் ஒன்று போதும், விசாரணையே இல்லாமல் ஒருவரை அடைத்துவிடலாம். சிந்தனையாளர் வோல்டேர் தன் இளமையில் 11 மாதம் பாஸ்டிலில் கிடந்தார். எனவே 1789-இல் கைதிகள் குறைவாக இருந்தாலும் அந்தச் சுவர்களைப் பற்றிய பயம் உண்மை. கோட்டை விழுந்த பின் நடந்தவை இன்னும் சுவையானவை: மன்னர் படைகளை விலக்கினார், நெக்கரைத் திரும்ப அழைத்தார், ஜூலை 17 அன்று பாரிஸுக்கே வந்து மக்களின் வண்ணச் சின்னத்தை ஏற்றார். பல்லுவா என்ற கட்டட ஒப்பந்தக்காரர் கோட்டையை இடித்தார். அதன் கற்களில் சிறு பாஸ்டில் மாதிரிகள் செய்து நாட்டின் 83 மாவட்டங்களுக்கும் அனுப்பினார். பாரிஸ் மக்கள் படையின் தளபதி லஃபாயெத் அதன் சாவியை எழுத்தாளர் தாமஸ் பெயின் வழியாக அமெரிக்க அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு அனுப்பினார். அது இன்றும் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் இல்லத்தில் இருக்கிறது. ஜூலை 14 பிரான்சின் தேசிய நாளாக அறிவிக்கப்பட்டது 1880-இல், 91 ஆண்டுகள் கழித்து.

லோர்ஜ் பிரபுவின் கதையை இங்கேதான் வைத்தேன். பொய் என்று தள்ளிவிட வேண்டிய சான்றா அது? கைதிகளைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பாஸ்டிலைப் பற்றி மக்கள் எதை நம்ப விரும்பினார்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று குறைவு. இந்த வேறுபாட்டைப் பிடிக்க வகுப்புக்கு நேரம் ஆனது. எல்லோரும் பிடித்துவிட்டதாகவும் சொல்லமாட்டேன்.

மதிப்பீடு

ஒரு மாதம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல், முதலில் கேட்ட அதே கேள்வியைக் கொடுத்தேன். ஒன்று மட்டும் சேர்த்தேன்: உங்கள் விடையைத் தாங்குகிற சான்று எது, அதை எவ்வளவு நம்பலாம்?

பெரும்பாலோர் வெடிமருந்தையும் படைகள் பற்றிய அச்சத்தையும் இணைத்து எழுதியிருந்தார்கள். ரொட்டி விலையும் கடன் சுமையும் இப்போது பின்னணியாக, சரியான இடத்தில் வந்து அமர்ந்திருந்தன. சிலர் நான்கு அட்டைகளையும் வரிசையாக ஒப்பித்திருந்தார்கள், ஒன்றோடொன்றை இணைக்காமல். ஐந்து காரணப் பட்டியலுக்குப் பதில் நான்கு அட்டைப் பட்டியல். அவர்களுக்கு "அதனால்", "ஆனாலும்", "அதற்கு முன்பே" போன்ற இணைப்புச் சொற்களைக் கொடுத்து, இரண்டு அட்டைகளை ஒரே வாக்கியத்தில் சேர்த்து எழுதும் பயிற்சி தேவைப்பட்டது. இதைத் தொடக்கத்திலேயே திட்டத்தில் வைத்திருக்க வேண்டும். வரலாற்றில் காரணம் காட்டுவது பெரும்பகுதி மொழித்திறன்தான். அதை மொழி வகுப்பின் வேலை என்று தள்ளிவிடுகிறோம். இரண்டு பேர் மீண்டும் கைதிகளிடமே திரும்பிப் போயிருந்தார்கள். முதலில் கற்ற காட்சி அவ்வளவு வலியது.

செலவும் சொல்லியாக வேண்டும். இரண்டு பாடவேளைப் பாடம் திருத்தத்தோடு சேர்த்து ஐந்து பாடவேளை எடுத்தது. எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த ஆண்டு போதாது. பருவத்துக்கு இரண்டு பாடங்களை இவ்வாறு ஆழமாக எடுத்து, மற்றவற்றை நேரடி விளக்கமாக விரைந்து நடத்துகிறேன். தெளிவாகக் கதை சொல்லும் விளக்கத்துக்கும் வகுப்பில் உரிய இடம் உண்டு. காலக்கோட்டை நான் நன்றாக விளக்கியிருக்காவிட்டால் அட்டைகளும் பயன்பட்டிருக்காது.

அடுத்த பருவத்தில் பெர்லின் சுவர் வீழ்ச்சியை எடுத்தோம். கேள்வி தயாராக இருந்தது: "28 ஆண்டுகள் நின்ற சுவர் 1989 நவம்பர் 9, அந்த வியாழக்கிழமை இரவு ஏன் திறந்தது?" கிழக்கு ஜெர்மனியின் கட்சிப் பேச்சாளர் ஷபோவ்ஸ்கி அன்று மாலை செய்தியாளர் கூட்டத்தில் புதிய பயண விதிகளைப் படித்ததையும், அவை எப்போது நடைமுறைக்கு வரும் என்று கேட்டபோது உடனடியாக, தாமதமின்றி என்று சொல்லிவிட்டதையும் விவரித்தேன். பேசி முடிப்பதற்குள் ஒரு கை உயர்ந்தது.

"டீச்சர், அவர் கையில் இருந்த தாளில் என்ன தேதி இருந்தது? யார் எழுதிக் கொடுத்தது? முதலில் அதைப் பார்க்கலாமா?"